சம்மந்தியம்மா வைத்துப்போன மாயப்பை

என் பேத்தியைப் பெற்ற மகனைப் பெற்ற, என் அருமைச் சம்மந்தியம்மாவுக்கு,

சுகம் விசாரித்து எழுதுகிற கடிதம் இல்லை இது. நீங்கள் செத்து வருஷம் முடிகிற ஆட்டைத் திவசத்துக்கு நினைவு மலர் அடிக்கிறார்கள். உங்கள் மகன் ரவி போன கிழமை வந்து, "மாமி, நீங்களும் ஒரு பக்கம் எழுதித் தாங்கோ" என்று கேட்டார். மற்றவர்கள் எழுதியதை வாசித்தும் காட்டினார். குத்துவிளக்காம். பொறுமையில் பூமாதேவியாம். அள்ளிக் கொடுத்த கையாம். கடைசியாகச் சொன்னதைக் கேட்டபோது எனக்குத் தேத்தண்ணி புரையேறிவிட்டது.

"நான் எழுதினால் உள்ளதைத்தான் எழுதுவன், மருமகன்" என்றேன்.

"எழுதுங்கோ மாமி. அம்மாவுக்கு உங்களிலை நல்ல விருப்பம்" என்றார். பெற்ற பிள்ளைக்கே உங்களைத் தெரியவில்லை என்பது எனக்கொன்றும் புதினம் இல்லை.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். பிழை இருந்தால் வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ளட்டும். ஆனால் என் ஞாபகத்தில் பிழை இருக்காது. பிள்ளைகளின் கலியாணத்தன்று என் பக்கத்துச் சனத்தை மண்டபத்தின் கடைசி வரிசையில், குசினிக் கதவுக்குப் பக்கத்தில் இருத்தினீர்களே, அன்று யார் யார் எந்தக் கதிரையில் இருந்தார்கள் என்று இப்போதும் என்னால் சொல்ல முடியும். அன்றிலிருந்து நாங்கள் 'நீங்கள்' போட்டுத்தான் கதைத்தோம். ஹேர்னிங் என்கிற இந்த டெனிஷ் ஊரில் உள்ள தமிழ்ச் சனம் அதை மரியாதை என்று நினைத்தது. அது வேலி என்று உங்களுக்கும் எனக்கும் தெரியும்.

அப்படிப்பட்ட எங்கள் இரண்டு பேரையும் ஒரே மேசையில் இருத்தியவள் எங்கள் பேத்தி மதுஷா. ஓகூஸ் நகரத்தில் படிக்கப் போனவள், தீபாவளிக்கும் யாருடையதாவது செத்தவீட்டுக்கும்தான் ஊருக்கு வருவாள். அங்கே கூட்டாளிமாரோடு ஒரு விளையாட்டுப் பழகி, தானும் அதை நடத்தவேண்டும் என்று ஆசைப்பட்டாள். நடத்திப் பழக அவளுக்கு ஆட்கள் தேவைப்பட்டார்கள். நான், நீங்கள், என் அடுத்த வீட்டு டெனிஷ் மனுசி பென்ட்டே. வேறு யார் சனிக்கிழமை மத்தியானம் சும்மா இருக்கிறார்கள்?

மலரை வாசிக்கிறவர்களுக்காக அந்த விளையாட்டைச் சொல்லிவிடுகிறேன். ஒருத்தி கதை சொல்லுவாள்: குகை, பூதம், பாழடைந்த கோட்டை. மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு ஆளாக நிற்பார்கள். நான் இதைச் செய்கிறேன் என்று நாங்கள் வாயால் சொல்லவேண்டும். அது நடந்ததா இல்லையா என்பதை இருபது முகமுள்ள ஒரு தாயக்கட்டை சொல்லும். அவ்வளவுதான். சின்னப்பிள்ளை வேலை என்று நானும் முதல் நாள் நினைத்தேன். இரண்டாம் நாள் பூதத்தை வெட்டிய பிறகு நினைக்கவில்லை.

நான் நாச்சி, குள்ள இனத்துக் கோடாலிக்காரி. முன்னுக்கு நின்று அடிப்பதும் அடி வாங்குவதும் என் வேலை. பென்ட்டே காட்டிலிருந்து வந்த வில்லுக்காரி. நீங்கள் பூரணி, காயம் ஆற்றுகிற பூசாரி. கதைக்குள் எங்களுக்கு 'நீங்கள்' கிடையாது. "அடியே பூரணி, விலகு" என்று நான் முதல் தரம் கத்தியபோது உங்கள் முகம் போன போக்கைப் பார்க்கவே நான் அடுத்த சனிக்கிழமையும் வந்தேன்.

பூதத்தை வென்றால் புதையல் வரும். அதில் பொன்னைவிட மாயப்பொருள்கள்தான் பெரிது. குடித்தால் காயம் ஆறுகிற மருந்துக் குப்பி. நெருப்பு அண்டாத மோதிரம். போர்த்தினால் ஆள் மறைந்துபோகிற போர்வை. ஒவ்வொன்றையும் மதுஷா ஒரு மட்டையில் கீறி, நிறம் தீட்டி, அது என்ன செய்யும் என்று எங்களுக்காக எழுத்துக் கூட்டித் தமிழில் எழுதிக்கொண்டு வருவாள். குப்பியைக் குடித்துவிட்டால் அந்த மட்டையைக் கிழித்துப் போட்டுவிட வேண்டும். அது சட்டம். எல்லாவற்றையும் போட்டுவைக்கக் கதைக்குள் ஒரு மாயப்பை இருந்தது. எவ்வளவு போட்டாலும் நிரம்பாது, பாரமும் இல்லை. அதை யாராவது ஒருத்தி பொறுப்பெடுக்க வேண்டும் என்று மதுஷா சொல்லி வாய் மூடவில்லை.

"நான் பிடிக்கிறன் பிள்ளை" என்றீர்கள்.

யாரும் உங்களைக் கேட்கவில்லை. மட்டைகளை எல்லாம் அள்ளி, கொண்டுவந்த வெறும் ஐஸ்கிறீம் பெட்டிக்குள் போட்டு, மூடியின் நாலு மூலையையும் பெருவிரலால் அமத்தினீர்கள். பெட்டியையும் கையோடு கொண்டு வந்திருக்கிறீர்கள் என்பதை நான் அப்போதே கவனித்தேன்.

உங்கள் வீட்டுச் செற்றியில் கடையில் சுற்றித் தந்த பொலித்தீன் இன்னும் கிடக்கிறது. அலுமாரியில் ஒரு நாளும் உடுக்காத பட்டுச் சேலைகள், கண்ணாடிக்குப் பின்னால் ஒரு நாளும் தேத்தண்ணி படாத கோப்பைகள். அதே கையால்தான் அந்தப் பையையும் ஆண்டீர்கள். மறைகிற போர்வை கிடைத்தது. மூன்று அரக்கர் காவல் நிற்கிற வாசலைக் கடக்கவேண்டும். "போர்வையை எடுங்கோ" என்றேன். "அதைப் பூச்சியுருண்டை போட்டு மடிச்சு அடியிலை வைச்சிட்டன், சம்மந்தி. இப்ப குழப்பினால் மடிப்புப் போயிடும்" என்றீர்கள். மதுஷா மேசையில் தலையை வைத்துச் சிரித்தாள். நாச்சி வாசலில் நின்று அடி வாங்கினாள்.

நெருப்பு மூச்சு விடுகிற பாம்பு வந்த அன்றைக்கு மோதிரம் உங்கள் பையில் கிடந்தது, பென்ட்டேயின் வில்லுக்காரிக்குத் தலைமயிர் எரிந்தது. "போட்டால் தேயும்" என்றீர்கள். மாய மோதிரம் எப்படித் தேயும்? தீப்பற்றுகிற வாள் ஒன்று கிடைத்தபோது, கோடாலி பிடிக்கிற என்னைத் தாண்டி, வாள் பிடிக்கவே தெரியாத பென்ட்டேயிடம் கொடுத்தீர்கள். "வீட்டுக்கு வந்த ஆள், நல்லதைக் குடுக்காட்டில் வெள்ளைக்காரி என்ன நினைப்பாள்?" பென்ட்டே அதை என்ன செய்வது என்று தெரியாமல் முழு வருஷமும் முதுகில் கட்டிக்கொண்டு திரிந்தாள். மின்னல் அடிக்கிற கோல் ஒன்று இருந்தது. உங்கள் பூரணிக்குக் காய்ச்சல் வர, கதைக்குள் இருந்த யாரோ ஒரு மலைத்தெய்வத்துக்கு நேர்த்தி வைத்து, காய்ச்சல் மாறியதும் அந்தக் கோலை உண்டியலில் போட்டுவிட்டு வந்தீர்கள். எங்கள் நாலு பேருடைய கோல். ஓகூஸில் இப்படி ஒருவரும் செய்ததில்லையாம். அந்தத் தெய்வத்தின் பெயர் உங்களுக்கு இன்றுவரைக்கும் தெரியாது.

குப்பிகள் மட்டும் சேர்ந்துகொண்டே போயின. சின்னக் குப்பி, பெரிய குப்பி, சாகக் கிடப்பவரை ஒரே மிடறில் எழுப்புகிற சிவப்புக் குப்பி. கேட்ட நேரமெல்லாம் உங்களிடம் ஒரே பதில்: "இருக்கட்டும் சம்மந்தி, ஒரு நல்லது கெட்டதுக்கு உதவும்."

பிறகு பாலம் வந்தது. உங்களுக்கு மறந்திருக்கும். எனக்கு மறக்காது.

மலைப்பூதம் துரத்தி வருகிறது. பாலத்தின் நடுவில் நாச்சி திரும்பி நின்றாள், உங்கள் இரண்டு பேரையும் ஓடச் சொல்லிவிட்டு. அடித்தாள். அடி வாங்கினாள். விழுந்தாள். விழுந்தவளுக்குச் சட்டம் இப்படி: அவளுடைய முறை வரும்போதெல்லாம் கட்டை உருட்டவேண்டும். மூன்று தரம் கூடாமல், சின்ன எண்ணாக விழுந்தால் செத்தாள். அதற்குள் யாராவது வாயில் ஒரு குப்பியை ஊற்றினால் எழும்பிவிடுவாள். முதல் தரம் கூடாமல் விழுந்தது. பூரணி எட்டடி தள்ளி நிற்கிறாள், தோளில் பையோடு.

"குப்பியை எடுங்கோ" என்றேன்.

பெட்டியைத் திறந்தீர்கள். மட்டைகளை விசிறி மாதிரி விரித்தீர்கள். "சின்னக் குப்பியோ, பெரிய குப்பியோ?"

"ஏதாவது ஒண்டை எடுங்கோ சம்மந்தி."

"பெரிசு வீணாப் போயிடும். சின்னனும் இப்ப குறைஞ்சு போச்சு." இரண்டாம் தரம் உருட்டினேன். கூடாது. நீங்கள் இன்னும் மட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். "எனக்கெண்டால் கட்டை இனி நல்லா விழும் எண்டு படுது. ஒருக்காப் பாப்பம்" என்று சொல்லி, மூடியை வைத்து, நாலு மூலையையும் அமத்தினீர்கள்.

நாச்சி செத்தாள். "போகட்டும் சம்மந்தி, பேத்தி புதுசா ஒரு ஆளைக் கீறித் தருவாள்தானே" என்று பணிஸ் ஒன்றை எடுத்துக் கடித்தீர்கள். பென்ட்டே எழும்பி என் தோளில் கை வைத்தாள். விளையாட்டுத்தானே என்று மற்றவர்கள் சொல்லக்கூடும். கட்டையால் விழுந்திருந்தால் நானும் சொல்லியிருப்பேன். அவள் கட்டையால் சாகவில்லை. உங்கள் சிக்கனத்தால் செத்தாள்.

அடுத்த சனிக்கிழமை நான் சின்னி என்று ஒருத்தியாய் வந்தேன். கள்ளி. "ஏன் அம்மம்மா கள்ளி?" என்று மதுஷா கேட்டாள். "பையைத் திறக்கத் தெரிஞ்ச ஆள் இந்தக் கூட்டத்திலை ஒருத்தியாவது வேணும்" என்றேன். நீங்கள் சிரித்தீர்கள். மதுஷா சிரிக்கவில்லை. கூட்டாளியிடம் களவெடுக்க முடியாது, அது தன் மேசைச் சட்டம் என்றாள். உங்கள் பேத்தி, உங்கள் பக்கம்தான் நிற்பாள்.

உங்களுக்கு வயிற்றில் வருத்தம் வந்து படுக்கையில் விழுந்த பிறகு விளையாட்டு உங்கள் கட்டிலடிக்கு வந்தது. நானும் வந்தேன். பாசத்தால் என்று மலரில் யாரும் எழுதிவிட வேண்டாம். மதுஷா இரண்டு கிழமைக்கு ஒருக்கா ஓகூஸிலிருந்து வந்தது அந்த மேசைக்குத்தான். மேசை போகிற இடத்துக்கு நானும் போகத்தான் வேண்டும்.

வீட்டுக்கு வருகிற தாதி நல்ல பிள்ளை. வலிக்குளிசையைக் கையில் தந்து, "வலி ஏறுறதுக்கு முதல் போடுங்கோ, பொறுத்துக்கொண்டு இருக்காதேங்கோ" என்று என் மகள் சுகந்தியைக் கொண்டு தமிழிலும் சொல்லுவித்தாள். நீங்கள் தலையாட்டினீர்கள். அவள் போனதும் தலையணை நுனியைக் கடித்துக்கொண்டு கிடந்தீர்கள். "குளிசை போட்டனீங்களோ?" என்று கேட்டால், "ஓம், ஓம், எனக்கொண்டுமில்லை. கட்டையை உருட்டுங்கோ" என்பீர்கள்.

நீங்கள் செத்த மறுநாள் சுகந்தி ஐஸ்கிறீம் பெட்டியைத் திறந்தாள். மேலே குப்பி மட்டைகள். அடியில், கை துடைக்கிற ரிசுப் பேப்பரில் சுற்றிச் சுற்றி, அந்தக் குளிசைகள். கிழமைக்கணக்கான குளிசைகள். என் மகள் கட்டில் விளிம்பில் இருந்து வாய்விட்டு அழுதாள். பிறகு ஒரு பையில் போட்டு மருந்துக்கடையில் திருப்பிக் கொடுக்கக் கொண்டுபோனாள். இந்த நாட்டில் மிஞ்சிய மருந்தைக் குப்பையில் போடக்கூடாது.

நான் அழவில்லை. எனக்கு வந்தது ஆத்திரம். எந்த நாளுக்கென்று வைத்தீர்கள், சம்மந்தி? அதைவிடக் கெட்ட நாள் ஒன்று வரும் என்றா? வலியைத் தின்று மருந்தைச் சேமித்த ஒரு மனுசியை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை. அதைப் பொறுமை என்று மலரில் எழுதியிருக்கிறார்கள். அதற்குப் பொறுமை என்றா பெயர்?

செத்தவீட்டில் நடந்ததை வந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள், ஆனபடியால் அதை ஒளிக்கத் தேவையில்லை. பேரப்பிள்ளைகள் பந்தம் பிடித்தார்கள். மண்டபத்தில் நெருப்பு விடமாட்டார்கள் என்பதால் பற்றறி விளக்கு. மதுஷா பந்தத்தை வைத்துவிட்டு, கைப்பையிலிருந்து ஐஸ்கிறீம் பெட்டியை எடுத்து உங்கள் நெஞ்சில் வைத்தாள். எல்லா மட்டைகளோடும். ஓர் ஆள் பாக்கியில்லாமல் விம்மினார்கள்.

என் முறை வந்தது. வாய்க்கரிசி போட்டேன். போட்ட கையாலேயே பெட்டியை எடுத்தேன்.

"மாமி, வையுங்கோ" என்றார் ரவி, காதுக்குள்.

"இது உங்கட அம்மாவின்ர இல்லை, மருமகன். எங்கட நாலு பேருக்கும் பொது. கூறைச் சேலையைப் போட்டு எரியுங்கோ, நான் கேக்கேல்லை" என்றேன்.

மதுஷா என்னைப் பார்த்து டெனிஷில் ஒன்று சொன்னாள். கெட்ட மனுசி என்று. எனக்கு விளங்காது என்று நினைத்தாள் போலும். இங்கே தையல் தொழிற்சாலையில் அத்தனை வருஷம் வேலைக்கு நின்ற எனக்கு அந்த மொழியில் முதலில் விளங்கியதே அப்படிப்பட்ட சொற்கள்தான். பெட்டியைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு போய் என் கதிரையில் இருந்தேன். இன்றைக்கும் அதே கையால் அதை எடுப்பேன். உங்களோடு எரிந்திருந்தால், ஒரு குப்பியும் குடிக்கப்படாமல், ஒரு மோதிரமும் போடப்படாமல், நீங்கள் நினைத்தது அப்படியே நிறைவேறியிருக்கும்.

அதன் பிறகு மதுஷா வரவில்லை. பனி உருகியது, வெயில் வந்தது, அவள் வரவில்லை. சுகந்தியோடு போனில் கதைப்பாள். நான் பக்கத்தில் நிற்கிறேன் என்று தெரிந்தால் படிக்க இருக்கிறது என்று வைத்துவிடுவாள். நீங்கள் போனது எனக்குப் பெரிய இழப்பு இல்லை, சம்மந்தி. அவள் வராமல் விட்டதுதான் இழப்பு. உயிரோடு இருந்தபோது என் பேத்தியில் பாதியை வைத்திருந்தீர்கள். செத்து முழுதாக எடுத்துக்கொண்டீர்கள்.

பென்ட்டே மட்டும் சனிக்கிழமை தவறாமல் கறுவாப் பணிஸோடு வந்து மேசையில் இருப்பாள். அவளுடைய டெனிஷை எங்கள் பேச்சில் எழுதுகிறேன்.

"போன் எடுமன் அவளுக்கு."

"அவள் எடுக்கட்டும்."

"அவளுக்கு இருபத்தொரு வயசு. உனக்கு எத்தினை?"

"எனக்கு ரோசம் இருக்கு."

"ரோசத்தோடை இரு. நான் இனி எத்தினை சனிக்கிழமைக்கு இந்த வாளை முதுகிலை கட்டிக்கொண்டு உன்ர மூஞ்சியைப் பாக்கிறது?" என்று எழும்பிப் போனாள். போகும்போது மிச்சப் பணிஸையும் கொண்டுபோனாள். அவளுக்கு நான் கோபம் வைக்கவில்லை. அவள் முகத்துக்கு நேரே சொல்லுகிற மனுசி, உங்களைப் போல் இல்லை.

அன்று பின்னேரமே நான் போன் எடுத்தேன்.

"மதுஷா, பெட்டி என்னட்டைத்தான் கிடக்கு."

"தெரியும். செத்த ஆளிட்டை களவெடுத்தது."

"நான் கள்ளிதானே. நீதானே கீறித் தந்தனி."

அந்தப் பக்கம் ஒரு சத்தம் கேட்டது. சிரிப்போ, மூக்கை உறிஞ்சியதோ தெரியவில்லை. "கூட்டாளியிட்டை களவெடுக்க ஏலாது. அது றூல்" என்றாள்.

"அப்ப வந்து றூல்படி வாங்கித் தா."

 பிறகு சொன்னாள்: வருவாள், ஆனால் அப்பம்மாவும் மேசையில் இருப்பாவாம். அவவுக்காகத் தான் கதைப்பாளாம். அப்பம்மா மனம் ஒப்பித் தந்தால்தான் பை எனக்காம்.

வந்தாள். என்னைக் கட்டிப்பிடிக்கவில்லை. மெலிந்திருந்தாள். உங்கள் கதிரையை இழுத்துப் போட்டு, அதற்கு முன்னால் பூரணியின் சின்னப் பொம்மையையும் நீங்கள் உருட்டுகிற பச்சைத் தாயக்கட்டையையும் வைத்தாள். பெட்டியை மேசை நடுவில் வைக்கச் சொன்னாள். வைத்தேன். பிறகு வாயைத் திறந்தாள்.

"வாங்கோ சம்மந்தி, தேத்தண்ணி குடிச்சிட்டியளே?"

உங்கள் குரல். சொல்லின் கடைசியில் இழுக்கிற அந்த இழுவைகூட.  பென்ட்டே கோப்பிக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள். டெனிஷில் படித்து வளர்ந்த பிள்ளை, தமிழில் தடக்கித் தடக்கிக் கதைக்கிற பிள்ளை, உங்கள் தமிழை ஒரு பிழை இல்லாமல் கதைத்தாள்.

பையைத் தாருங்கள் என்று சின்னி கேட்டாள். பூரணி மாட்டேன் என்றாள். போர்வையாவது? "மடிப்புப் போயிடும் சம்மந்தி." எல்லாம் நீங்கள் சொல்லியிருக்கக்கூடியதே. குகைக்குள் நடந்தோம். அங்கே நெருப்புப் பாம்பின் துணை காத்திருந்தது. மதுஷா ஒரு நாளும் மறைத்து உருட்டுகிற பிள்ளை இல்லை. எல்லோரும் பார்க்க உருட்டுவாள், விழுந்ததை மாற்றவும் மாட்டாள். அவள் உருட்டினாள். பாம்பு பூரணியில் பாய்ந்தது. கட்டையைப் பார்த்ததும் அவள் முகம் வெளிறிவிட்டது. அவள் இதை நினைத்து வரவில்லை. பூரணி விழுந்தாள். பை தோளிலிருந்து கழன்று சின்னியின் காலடியில் விழுந்தது.

உங்களுக்கான கட்டையை அவளே உருட்டினாள். கூடாது.

என் முறை. பெட்டியை எனக்குப் பக்கத்தில் இழுத்தேன். மூடியைத் திறந்தேன். நான் அவசரப்படவில்லை. மட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து, எழுத்துக் கூட்டி வாசித்து, மேசையில் அடுக்கினேன்.

"சின்னக் குப்பியோ, பெரிய குப்பியோ?" என்று கேட்டேன். உங்கள் குரல் எனக்கும் வரும்.

மதுஷாவுக்கு விளங்கிவிட்டது. பாலத்தில் அவளும் இருந்தவள்தானே. ஆனாலும் உங்களை விட்டுக்கொடுக்கவில்லை. உங்களைப் போலவே சொன்னாள்: "எனக்கேன் சம்மந்தி? வீணாக்காதேங்கோ. வையுங்கோ."

வைத்தேன். அவள் திரும்ப உருட்டினாள். கூடாது.

"எனக்கெண்டால் கட்டை இனி நல்லா விழும் எண்டு படுது" என்றேன். "ஒருக்காப் பாப்பம்."

"நூ எ தெ நோ" என்றாள் பென்ட்டே. இப்ப போதும், நிப்பாட்டு என்று அர்த்தம். நான் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. உங்களை அந்த இடத்தில் வைத்து, உங்கள் சொல்லாலேயே சாகடிக்கிற ஒரு நாள் எனக்குக் கிடைக்கும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. செத்த ஆளைத் திரும்பச் சாகடிக்க யாருக்குக் கிடைக்கும்? எனக்கு அது இனித்தது. இனித்ததை இனித்தது என்றுதான் எழுதுவேன்.

மதுஷா மூன்றாம் தரத்துக்குக் கட்டையைக் கையில் எடுத்தாள். கையைக் குலுக்கினாள். விரல்கள் விரியவில்லை. மூடின கையை மேசையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"அம்மம்மா" என்றாள்.

அவ்வளவுதான். உங்கள் குரல் இல்லை, அவளுடைய குரல். சவப்பெட்டியடியில் நின்ற நாளிலிருந்து அவள் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. போனில்கூட இல்லை.

நான் சிவப்புக் குப்பியை எடுத்தேன். எல்லாவற்றிலும் பெரியது, எல்லாவற்றுக்கும் அடியில் வைத்திருந்தீர்கள். அதை நடுவால் கிழித்தேன். பெரியதைக் கிழிக்கிற சத்தம் நன்றாக இருந்தது. சின்னி உங்கள் தலையைத் தூக்கி, தாடையைப் பிடித்து, கடைசிச் சொட்டுவரை வாயில் ஊற்றினாள். உங்களுக்காக இல்லை, சம்மந்தி. நீங்கள் சாகவேண்டியவர். அவள் கூப்பிட்டாள், அதற்காக.

மதுஷா அழுதாள், சிரித்தாள், என் சேலைத் தலைப்பில் மூக்கைத் துடைத்தாள். பூரணியின் பொம்மையை நிமிர்த்தி வைத்தாள். நிமிர்ந்ததும் நிமிராததுமாய் உங்கள் குரல் தொடங்கிவிட்டது: "பெரிசை ஏன் கிழிச்சனீங்கள்? எனக்குச் சின்னனே போதுமே."

"பொத்தடி வாயை. எழும்பி நட" என்றேன். பையை என் தோளில் போட்டுக்கொண்டேன். பூரணி தரவில்லைத்தான். ஆனால் மதுஷா அன்று சட்டம் கதைக்கவில்லை.

இப்போது வருகிறாள், முந்தின மாதிரியே. போன தரம் கேட்டேன், ஏன் உன்னுடைய அப்பம்மா ஒன்றையும் பாவிக்கவில்லை என்று. "நான் கீறின படத்தைக் கிழிக்க அவவுக்கு மனம் வரேல்லை, அம்மம்மா. அதுதான்" என்றாள். நான் நம்பவில்லை. அப்படியென்றால் குளிசைகளை யார் கீறினது? இதற்கு உங்களிடம் பதில் இருந்திருக்குமா, சம்மந்தி? இருந்திருந்தாலும் அதையும் மடித்து வைத்திருப்பீர்கள்.

உங்களுக்கு ஒரு சத்தியம் செய்து முடிக்கிறேன். பை இனி என்னிடம்தான். பென்ட்டேயிடமிருந்து வாளை வாங்கிவிட்டேன், அவளுக்கு முதுகு நோ குறைந்துவிட்டதாம். நெருப்பு மோதிரத்தைச் சத்திரத்துக் குசினியில் கொதிக்கிற சட்டி இறக்கப் போட்டேன். மறைகிற போர்வையால் குதிரைக்கு மழை மறைத்தேன். ஒரு குப்பியைக் காலில் முள்ளுக் குத்தினதுக்குக் குடித்தேன். மதுஷா கீறக் கீற நான் கிழிப்பேன். ஒரு மட்டையும் அடுத்த சனிக்கிழமையைக் காணாது. பூரணி எத்தனை தரம் விழுந்தாலும் நான் ஓடிவந்து உங்கள் வாயில் ஊற்றுவேன், நல்லதில் நல்லதைப் பார்த்து ஊற்றுவேன். என் பேத்தி இந்த மேசைக்கு வருகிற காலம் முழுக்க உங்களை நான் சாக விடமாட்டேன். பக்கத்தில் நின்று, ஒவ்வொன்றாய்ச் செலவாவதைப் பார்த்துக்கொண்டே இருங்கள்.

இப்படிக்கு,
உங்களை மன்னிக்காத சம்மந்தி,
மதுஷாவின் அம்மம்மா.